நினைவு மரம் நடப்போகிறீர்களா? இராமநாதபுரம் கடற்கரையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புரட்டாசி பிறந்துவிட்டால் எங்கள் தோப்புக்கு ஆள் வரத் தொடங்கிவிடும். தொண்டிப் பக்கம், சாயல்குடிப் பக்கம் என்று எங்கிருந்தாவது நாலு இளைஞர்கள் பைக்கில் வந்து இறங்குவார்கள். ஊரில் இறந்துபோனவர்கள் பெயரில் ஆளுக்கொரு மரம் நட்டு, பலவகை மரங்கள் நிற்கும் ஒரு பொதுத்தோப்பு போட வேண்டும் என்பார்கள். நல்ல எண்ணம்தான். கையில் ஒரு திட்டமும் வைத்திருப்பார்கள். அதை வாங்கிப் பார்த்ததும் எனக்கு அலுப்பு தட்டிவிடும். எங்கள் தோப்பின் முதல் சில ஆண்டுகளில் நடந்த கூத்தெல்லாம் வரி மாறாமல் அதில் இருக்கும்.

ஆடு மேயும், வேலி போடுங்கள். பிளாஸ்டிக் பையைக் கிழித்துவிட்டு நடுங்கள். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், இதைச் சொல்ல நான் வேண்டாம். விவரம் தெரிந்தவர்களே செய்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

இறந்த நாளில் நடுவது

"திதியன்றுதான் கன்று வைப்போம்" என்று குடும்பத்தார் நிற்பார்கள். அவர்கள் ஆசை நியாயமானது. ஆனால் நம் மாவட்டத்துக்கு வரும் மழையில் பெரும்பங்கு அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் பெய்து முடிந்துவிடுகிறது. கன்று வேர் பிடிக்க அந்த ஈரத்தை விட்டால் வேறு கதியில்லை. ஐப்பசியில் நல்ல மழை ஒன்று இறங்கியதும் தொடங்கி, கார்த்திகை பாதிக்குள் நட்டு முடித்துவிட வேண்டும்.

தை அமாவாசைக்குச் சேதுக்கரையிலும் தேவிபட்டினத்திலும் தர்ப்பணம் கொடுத்த கையோடு கன்று நட வருகிறவர்கள் உண்டு. அதற்குள் மழை போய்விட்டிருக்கும், எதிரே நீளமான கோடை நிற்கும். ஆடி அமாவாசை இன்னும் மோசம். தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று மணலை வாரி இலையில் அடிக்கிற காலம் அது. அப்துல் கலாம் நினைவு நாளான ஜூலை 27 அன்று அவர் பெயரில் கன்று நடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. அவர் பிறந்த மாவட்டத்தில் கன்று நடுவதற்கு அதைவிடப் பொருந்தாத நாளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அக்டோபர் 15, அவர் பிறந்த நாள். அது ஐப்பசியை ஒட்டி வருகிறது, மழை முந்திவிட்ட வருஷம் அன்றைக்கே நடலாம். ஏனோ நம் ஆட்களுக்கு இறந்த நாள்தான் நினைவுக்கு வருகிறது. இந்த விஷயத்தில் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு யோகம்: கல்லறைத் திருநாள் நவம்பர் 2, மழைக்கு நட்ட நடுவே வருகிறது.

அதற்காகத் திதியை விட்டுவிடச் சொல்லவில்லை. நாற்றங்காலில் அவர்களுக்கென்று ஒரு கன்றை ஒதுக்கி வையுங்கள். திதியன்றோ நாற்பதாம் நாளிலோ குடும்பத்தார் வந்து, சின்னப் பையில் இருக்கும் கன்றைத் தங்கள் கையால் பெரிய பைக்கு மாற்றட்டும். மண் அள்ளுவதும் தண்ணீர் ஊற்றுவதும் அன்றைக்கு நடந்துவிடும். குழிக்குப் போவது ஐப்பசியில். இப்படிச் சொன்னபோது மறுத்த குடும்பம் எதையும் நான் பார்த்ததில்லை.

ஆழமாகப் போர் போடுவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நம் கடற்கரை மணலுக்குள் நல்ல தண்ணீர் இருக்கிறது. மழைநீர் மணலில் இறங்கி, கடல் பக்கத்திலிருந்து அடியில் ஊடுருவி நிற்கும் உப்புநீருக்கு மேலே, காய்ச்சிய பாலில் ஆடை படிந்ததுபோலத் தங்குகிறது. நன்னீர் எடை குறைவு, உப்புநீர் எடை அதிகம். அதனால் இரண்டும் சட்டென்று கலப்பதில்லை. 1964 புயல் ஊரையே துடைத்துப் போட்ட தனுஷ்கோடியில், கடலுக்குப் பக்கத்திலேயே மணலைக் கையால் தோண்டி ஊத்துத் தண்ணீர் எடுக்கிறார்களே, அது இந்தத் தண்ணீர்தான்.

நிலத்தடி நீர் படித்தவர்கள் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடி வரை நன்னீர் இருக்கும். கேட்கக் குளிர்ச்சியாக இருக்கும். அதே கணக்கைத் திருப்பிப் பாருங்கள்: மோட்டார் போட்டு மேலே 1 அடி குறைத்தால், அடியில் இருக்கும் உப்பு நாளடைவில் 40 அடி ஏறி வரும். ஆழமாகத் துளைத்து வேகமாக இழுத்தால் மேலே வருவது கடல்தான்.

பக்கத்து ஊர்த் தோப்பில் நடந்தது இது. வளைகுடாவில் வேலை பார்க்கும் பையன்கள் பணம் அனுப்பினார்கள், ஒரு நிறுவனம் சொட்டுநீர்க் குழாய் வாங்கிக் கொடுத்தது. தோப்பின் மூலையிலேயே பழைய உறைகிணறு ஒன்று இருந்தது. 15 அடியில் குடிக்கிற தண்ணீர். தூர்வாரினால் போதும். ஆனால் உறைகிணற்றுக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்தால் எடுபடாதே, அதனால் போர் லாரி வந்தது. "அது மேலூத்துண்ணே, கோடையில வத்திரும். கீழ போனாத்தான் நிரந்தரம்" என்றார் லாரிக்காரர். அடிக்கு இவ்வளவு என்று கூலி பேசி வந்தவர் வேறென்ன சொல்வார்? பணம் அனுப்பியவர்களும் போனில், "போகட்டும், காசைப் பார்க்காதீங்க" என்றுவிட்டார்கள். வேடிக்கை பார்க்க வந்திருந்த ஓர் அப்பத்தா மட்டும், "ஏப்பா, ஆழத்துல போனா கடலுல்ல வரும்?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். காலமெல்லாம் ஊத்துத் தோண்டித் தண்ணீர் சுமந்த மனுஷி அவர்.

இருநூறு அடி போனார்கள். தண்ணீர் பீய்ச்சி அடித்தது. மாலை போட்டு, தேங்காய் உடைத்து, வீடியோவும் எடுத்தார்கள். ஒருவரும் ஒரு வாய் எடுத்துக் கொப்பளித்துப் பார்க்கவில்லை.

தை வரைக்கும் மழை ஈரத்தில் கன்றுகள் தளதளவென்று நின்றன. மாசியில் சொட்டுநீரைத் திறந்தார்கள். முதலில் முற்றிய இலைகளின் நுனி கருகியது, அப்புறம் ஓரம் முழுக்க. உப்பால் கருகும் இலையும் தண்ணீர் பற்றாமல் கருகும் இலையும் பார்வைக்கு ஒன்றாகத்தான் இருக்கும், வினையே அதில்தான். கருகுகிறதே என்று தண்ணீரை இரண்டு பங்கு விட்டார்கள். உப்பும் இரண்டு பங்கு போனது. யாரோ சொன்னார்கள் என்று காம்ப்ளக்ஸ் உரம் வைத்தார்கள். அதுவும் உப்பு வகைதான். சொட்டு விழும் இடத்தைச் சுற்றி மண்ணில் வெள்ளையாகப் பூத்தது. "உரம் மேல வந்திருக்கு" என்று அதற்கும் விளக்கம் கிடைத்தது. கடைசியில் ஒருவர், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கிற டிடிஎஸ் மீட்டரை விட்டுப் பார்த்தபோது லிட்டருக்கு 4,000 மில்லிகிராமைத் தாண்டி நின்றது. ஆனி முடிவதற்குள் மா, மகிழம், நெல்லி எல்லாம் போய்விட்டன. புன்னையும் பூவரசும் உகாயும் மட்டும் நின்றன.

போருக்குப் போன பணம் ஒரு பக்கம் கிடக்கட்டும். அந்தத் தோப்பில் கடலுக்குப் போய்த் திரும்பாதவர்கள் பெயரிலும் கன்றுகள் இருந்தன. உடல் கிடைக்காத வீட்டுக்குப் புதைத்த இடம் என்று ஒன்று கிடையாது. வருஷத்துக்கு ஒரு தடவை போய் நிற்பதற்கு அந்தக் கன்றுதான் இருந்தது. அதை உப்புத்தண்ணீர் ஊற்றிக் கொன்றவர்களுக்கு உறைகிணறு இருந்தது தெரியாதா என்ன? தெரியும்.

சரி, என்ன செய்யலாம்? ஆழமில்லாத உறைகிணறுகளை ஒரே இடத்தில் போடாமல் தள்ளித் தள்ளி இரண்டு மூன்றாகப் போடுங்கள். அரை குதிரைத்திறன் மோட்டார் தாராளம். காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் என்று இறையுங்கள், நடுவே ஊற விடுங்கள். சில நூறு ரூபாய்க்கு டிடிஎஸ் மீட்டர் கிடைக்கிறது. மாதம் ஒரு முறை பார்த்துச் சுவரில் எழுதி வையுங்கள். தையில் இனித்த கிணறு ஆனியில் உப்பேறுவது இங்கே சகஜம், ஒரு தடவை சோதித்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. 2,000-ஐத் தாண்டினால் பெரும்பாலான கன்றுகளுக்கு ஆபத்து.

கன்றுக்குப் பக்கத்தில் மண்பானையைக் கழுத்து வரை புதைத்து நிரப்பி மூடி வைத்தால், சுற்றியுள்ள மண் காயக் காயத் தண்ணீர் கசியும். சொட்டுநீர் அளவுக்குப் படம் எடுக்க முடியாது, ஆனால் மணலுக்கு இதைவிடச் சிக்கனம் வேறில்லை. மேலே பனையோலை மூடாக்குப் போடுங்கள். கரையில் ஒதுங்கும் பாசியை அள்ளி வந்து போடுகிறவர்கள் ஒரு மழைக்காலம் அதை வெளியே போட்டு உப்புப் போக அலசவிட்டு அப்புறம் போடுங்கள். காவிரிக் கூட்டுக்குடிநீர்க் குழாயில் கை வைக்க வேண்டாம். தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு ஊரே காத்துக் கிடக்கும்போது, அந்தத் தண்ணீரில் மரம் வளர்த்தால் தோப்புக்கு ஊரில் ஒரு நல்ல வார்த்தை சொல்ல ஆள் இருக்காது.

அவருக்குப் பிடித்த மரம்

"அப்பாவுக்கு மாம்பழம்னா உயிர்", "பாட்டி மகிழம்பூ கோப்பாங்க" என்று கேட்பார்கள். மறுக்கச் சங்கடமாக இருக்கும். ஆனாலும் மறுக்க வேண்டும். கடலைப் பார்த்த முதல் வரிசைகளில் புன்னை, பூவரசு, உகாய், குடைவேல், பனை, தாழை இவற்றைத் தவிர வேறெதையும் வைக்காதீர்கள். வேம்பு, புங்கன், இலந்தை, நாவல் அவற்றுக்குப் பின்னால். உத்தரகோசமங்கைக் கோயிலின் தலமரம் இலந்தை, திருப்புல்லாணியில் அரசு. இந்த மண்ணில் எது நிற்கும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

மாமரம்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், தோப்பின் மேற்கிலும் தெற்கிலும் ஓராண்டு முன்பே இரண்டு வரிசை சவுக்கு வைத்துக் காற்றைத் தடுத்துவிட்டு, அதற்குப் பிறகு பேசுங்கள்.

பனையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கொட்டையை நட்டால் முதலில் கீழே இறங்கும். மேலே ஓர் ஓலை எட்டிப் பார்க்கவே மாதக்கணக்கில் ஆகும், மரம் என்று சொல்லும்படி நிற்க வருஷங்கள் ஆகும். பொறுமை இல்லாத வீட்டுக்குப் பனை கொடுக்காதீர்கள். உடனே கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பவர்களுக்குப் பூவரசம் போத்து, அதாவது வெட்டிய கிளை ஒன்றை மழையில் ஊன்றிக் கொடுங்கள்.

அஸ்தியைக் குழியில் கொட்டுவது

சாம்பல் கடுமையான காரம், எலும்புச் சாம்பலில் உப்பும் உண்டு. நம் கரையோர மணலில் சிப்பித்தூள் கலந்து ஏற்கெனவே காரம்தான். மனசு கேட்கவில்லை என்றால் ஒரு கைப்பிடி போதும். அதையும் குழிக்குள் போடாமல், நாலைந்து அடி தள்ளி, மட்கிய குப்பையோடு கலந்து போடுங்கள். மீதிக்கு அக்னி தீர்த்தம் இருக்கிறது, சேதுக்கரை இருக்கிறது.

இடம்

புறம்போக்கு என்றால் கிராமசபைத் தீர்மானம் கைக்கு வரும்வரை ஒரு குழியும் வெட்டாதீர்கள்.

பெயர்ப்பலகை

மரத்தில் ஆணி அடிப்பதும் கூடாது, கம்பியால் கட்டுவதும் கூடாது. கட்டியவர் மறந்துவிடுவார், மரம் பருக்கும், பட்டை அறுபடும். இரும்புத் தகடு உப்புக்காற்றில் பெயரோடு சேர்ந்து உதிரும். கருங்கல்லில் வெட்டி, கன்றிலிருந்து இரண்டடி தள்ளி ஊன்றுங்கள். அதுவும் இரண்டு கோடை தாண்டிய பிறகு. அவசரப்பட்டால் கன்று போய்க் கல் மட்டும் நிற்கும்.

சிமெண்ட் மேடை

வேண்டாம்.

பட்ட கன்றை இரவோடு இரவாக மாற்றுவது

இதைச் செய்யாத தோப்பு குறைவு. கன்று பட்டுப்போகும், வீட்டார் வருகிற நாள் நெருங்கும், அதே உயரத்தில் ஒன்றை வாங்கி வந்து நட்டுவிட்டு, "நல்லா இருக்கும்மா" என்று காட்டுவார்கள். நான் சொன்ன அதே பக்கத்து ஊரில் ஒரு தாய் கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவர்த்தியோடு வந்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எங்க புள்ள மரம் அடியிலயே ரெண்டாப் பிரிஞ்சிருக்கும், இது வேறல்ல" என்றார். யாரும் வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் அந்தப் பக்கம் வரவில்லை.

தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்: கவனமாகப் பார்த்தாலும் சில கன்றுகள் போகும், போனால் உடனே போன் செய்வோம், மறு ஐப்பசியில் நீங்களே வந்து நட வேண்டும். இதைத் தோப்புப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். நாற்றங்காலில் பை மாற்ற வருகிற அன்றைக்கு ஒன்றுக்கு இரண்டு கன்றாக மாற்றச் சொல்லுங்கள். ஒன்று குழிக்கு, இன்னொன்று இருப்புக்கு; இருப்பில் இருப்பதும் அவர்கள் கை பட்ட கன்றாகவே இருக்கும். இரண்டு கோடை தாண்டியும் அது தேவைப்படவில்லை என்றால், வேர் பைக்குள் சுற்றிக்கொள்வதற்கு முன்பாகப் பள்ளிக்கூடத்துக்கோ ஊருணிக் கரைக்கோ கொடுத்துவிடுங்கள்.