டீம் லீடர் ஆகிவிட்டீர்களா? அரை நாள் ஒதுங்கி நின்று பாருங்கள்

குழுவைக் கண்டிப்பாக நடத்துவதா, கலந்து பேசி நடத்துவதா, அவரவர் போக்கில் விடுவதா? 1930களின் இறுதியில் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் கர்ட் லெவினும் சகாக்களும் 10 வயதுப் பையன்களுக்கு முகமூடி செய்வது போன்ற கைவேலைகளைக் கொடுத்து இதைத்தான் சோதித்தார்கள். உத்தரவு போடும் தலைவரிடம் வேலை நன்றாகவே நடந்தது, ஆனால் அவர் அறையை விட்டுப் போனதும் படுத்துவிட்டது, பையன்களும் ஒன்று சண்டை போட்டார்கள் அல்லது ஒரேயடியாக அடங்கிப்போனார்கள். கலந்து பேசியவரின் குழு அவர் இல்லாதபோதும் வேலையைத் தொடர்ந்தது. 'உங்கள் இஷ்டம்' என்று விட்டவரிடம் வேலையும் குறைவு, தரமும் குறைவு.

இதையே நீங்களும் செய்து பார்க்கலாம். அவசரம் இல்லாத ஒரு நாளில் அரை நாள் எதிலும் தலையிடாதீர்கள். சின்னச் சின்ன முடிவுக்கெல்லாம் உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள் என்றால் நீங்கள் அதிகமாக உத்தரவு போடுகிறீர்கள், அடுத்த வேலையை எப்படிப் பிரிப்பது என்று அவர்களையே பேசி முடிவெடுக்கச் சொல்லுங்கள்.

அதற்காக எப்போதும் கலந்து பேசிக்கொண்டே இருக்க முடியாது, அதில் நேரம் நிறையப் போகும். கம்ப்யூட்டர் சர்வர் செயலிழந்து வாடிக்கையாளர்கள் கத்தும்போது யார் எதைச் செய்வது என்று நீங்களே சொல்லிவிடுங்கள், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்பதை அப்புறம் விளக்கலாம். தொழில் தெரிந்த சீனியரிடம் முடிக்கவேண்டிய தேதியை மட்டும் பேசிவிட்டு ஒதுங்கிவிடலாம், ஆனால் புதிதாகச் சேர்ந்தவரை அப்படி விட்டுவிடாதீர்கள், தினமும் பத்து நிமிடமாவது அவர் பக்கத்தில் உட்காருங்கள்.