திராவிட மொழிகளுக்கு ஒரு கொடிவழி: நீங்களே வரைந்து பாருங்கள்

20 திராவிட மொழிகளை எடுத்து, அவற்றின் கொடிவழியை, அதாவது குடும்ப மரத்தை, கணினியில் கணக்கிட்டு 2018-இல் ஒரு கட்டுரை வந்தது. முதல் ஆசிரியர் விஷ்ணுப்ரியா கோலிபாகம், டேராடூனில் உள்ள இந்திய வன உயிரின நிறுவனத்தைச் சேர்ந்தவர். மொழிக்கும் வன உயிருக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். உயிரினங்கள் கிளை பிரிந்ததைக் கணிக்கும் கணக்குதான் இங்கேயும். குடும்பத்தின் வயது சுமார் 4500 ஆண்டு என்று முடிவு வந்தது, செய்திகள் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டன. எனக்கோ அந்த எண்ணுக்கு அடியில் கிடக்கும் அட்டவணைதான் முக்கியம். தாய்மொழியாளர்களிடம் சொல் சொல்லாகக் கேட்டு நிரப்பியது அது. அதன் சிறு வடிவத்தை யாரும் போடலாம். பெங்களூரில் என் மாணவர்களுக்கு வகுப்பு தொடங்கியதும் நான் கொடுக்கும் வேலை இதுதான்: ஐந்து மொழி, நாற்பது பொருள், ஒரு நோட்டு.

மொழிகளாகத் தமிழ், மலையாளம், கன்னடம், தெலுங்கு, துளு ஐந்தையும் வைத்துக்கொள்ளுங்கள். பொருள்களைத் தேர்வதில்தான் பலர் சறுக்குகிறார்கள். இட்லி, சந்தை, சாமி எல்லாம் வேண்டாம், அவை ஊர் விட்டு ஊர் போகிற சொற்கள். கண், காது, நாக்கு, பல், நெருப்பு, கல், நான், நீ, ஒன்று, இரண்டு, வா, தின், சாவு போன்றவை வேண்டும். 1950-களில் அமெரிக்க மொழியியலாளர் மாரிஸ் சுவாதேஷ் இப்படித்தான் பட்டியல் போட்டார். நாள்தோறும் வாயில் புழங்கும் சொல் மெதுவாகத்தான் மாறும் என்பது பின்னால் கணக்கிலும் உறுதியானது. அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் கூடாது. பலூசிஸ்தானில் பேசப்படும் திராவிட மொழியான பிராகுயியில் ஒன்று, இரண்டு, மூன்று மட்டும்தான் திராவிடம். நான்கிலிருந்து பாரசீகத்திலிருந்து வந்த எண்கள்.

அடுத்து, ஆளைப் பிடிப்பது. அகராதியைப் பார்த்து நிரப்பாதீர்கள். அகராதியில் எல்லாச் சொல்லும் இருக்கும், வீட்டில் எது புழங்குகிறது என்பது இருக்காது. கேட்கும் விதமும் முக்கியம். எங்கள் தெருமுனை உடுப்பி ஓட்டலில் கல்லாவில் இருப்பவர் துளுக்காரர். ரத்தத்துக்குத் துளுவில் என்ன என்று கேட்டேன். "ரக்த" என்றார், பள்ளிக்கூடத்துப் பதில். "சின்ன வயசில் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்தால் உங்க அம்மா என்ன சார் சொல்வாங்க?" என்றேன். பில் கிழிப்பதை நிறுத்திவிட்டு "நெத்தெரு" என்றார். அந்த ஒரு சொல் தெலுங்கு 'நெத்துரு'வோடும் கன்னட 'நெத்தரு'வோடும் போய் ஒட்டிக்கொள்கிறது. சங்கப் பாட்டில் வரும் 'நெய்த்தோர்' கூட இதே உறவுதான். நாம்தான் அதை விட்டுவிட்டு ரத்தத்துக்கு மாறிவிட்டோம். அதனால் மொழியின் பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள். ஒரு சூழலைச் சொல்லுங்கள், அல்லது பொருளைக் கையால் காட்டுங்கள். முடிந்தால் ஒரு மொழிக்கு இரண்டு பேரிடம், அதில் ஒருவர் பாட்டி வயதில்.

சொற்கள் வந்ததும், எது எதோடு ஒரே வேர் என்று பிரிக்க வேண்டும். இதில் காதை நம்பக் கூடாது. ஒலி மாறும், ஆனால் ஒழுங்காக மாறும். தமிழில் சொல் முதலில் ப வந்தால் இன்றைய கன்னடத்தில் ஹ: பால் – ஹாலு, பல் – ஹல்லு, பத்து – ஹத்து, புலி – ஹுலி. தமிழில் செ, சே என்று தொடங்குவது கன்னடத்தில் பல இடங்களில் க-வாகவே நிற்கும்: செவி – கிவி, சேரி – கேரி, செம்மை – கெம்பு. இப்படி வரிசையாக நாலைந்து ஜோடி அமைந்தால்தான் உறவு. ஒரே ஒரு ஜோடி ஒத்துப்போவது தற்செயலாகவும் இருக்கலாம். ஐயம் வந்தால் பர்ரோ, எமனோ இருவரும் 1961-இல் வெளியிட்ட திராவிட வேர்ச்சொல் அகராதியில் பாருங்கள். 1984 பதிப்பு இணையத்திலேயே தேடக் கிடைக்கிறது. 'ரத்தம்' மாதிரி வடமொழியிலிருந்து வந்தது என்று தெளிவாகத் தெரிந்தால், பக்கத்தில் 'கடன்' என்று எழுதிக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். விட்டுவைத்தால் எல்லா மொழியும் ஒரே கிளை போலத் தெரியும்.

இப்போது அட்டவணை. ஒவ்வொரு வேருக்கும் ஒரு பத்தி (மேலிருந்து கீழாக ஒரு வரிசை), ஒவ்வொரு மொழிக்கும் ஒரு வரி. அந்த மொழியில் அந்தப் பொருளுக்கு அந்த வேர் புழங்கினால் 1, இல்லாவிட்டால் 0. 'கண்' எளிது, ஐந்துக்கும் 1. தண்ணீருக்கு 'நீர்' வேரில் தமிழ், கன்னடம், தெலுங்கு, துளு நான்குக்கும் 1, மலையாளத்துக்கு 0. அவர்கள் குடிப்பது வெள்ளம். நம்மிடமும் வெள்ளம் உண்டே என்று அதற்கு 1 போட்டுவிடாதீர்கள். நம் வெள்ளம் ஊரை அடித்துக்கொண்டு போவது, பொருள் வேறு.

வீடு என்ற பொருளில் கொஞ்சம் நிதானியுங்கள். தமிழ், மலையாளம் இரண்டும் வீடு. கன்னடம் மனெ. தெலுங்கு, துளு இரண்டும் இல்லு. ஆக மூன்று பத்தி. இதை மட்டும் பார்த்தால் துளு தெலுங்கோடு போய் நிற்கும். ஆனால் 'இல்' தமிழிலும் பழைய சொல், இல்லத்தரசியில் இன்னும் இருக்கிறது. மனை, மனைவியிலும் வீட்டு மனையிலும் இருக்கிறது. அதாவது தெலுங்கும் துளுவும் பழையதைக் கைவிடவில்லை, அவ்வளவுதான். பழையதை இரண்டு பேர் வைத்திருப்பதால் நெருங்கிய உறவு ஆகிவிடாது. புதிதாக ஒன்றைச் சேர்ந்து உண்டாக்கியிருந்தால்தான் அது சான்று. வெறுமனே விழுக்காடு எண்ணினால் இது பிடிபடாது. நான் விழுக்காடு எண்ணச் சொல்லாததற்குக் காரணம் இதுவே.

வரைவதற்கு ஸ்பிளிட்ஸ்ட்ரீ என்ற இலவச மென்பொருள் போதும். 1, 0 வரிசைகளைக் கொடுத்தால் நொடியில் படம் வரும். கோடுகள் தெளிவாகக் கிளை பிரிந்தால் நல்லது. நடுவில் வலை போலக் கட்டங்கள் தெரிந்தால், அந்த மொழிகளின் சான்றுகள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன என்று பொருள். பெரும்பாலும் கடன் எங்கோ ஒளிந்திருக்கும். அட்டவணைக்குத் திரும்பிப் போய்த் தேடுங்கள்.

வயது கணக்கிடும் ஆசை எல்லோருக்கும் வரும். நாற்பது சொல்லை வைத்துக்கொண்டு வேண்டாம். சுவாதேஷே அதில்தான் அடி வாங்கினார். நூறு சொல்லில் ஆயிரம் ஆண்டுக்குப் பிறகு 86 மிஞ்சும் என்று ஒரே வேகத்தை எல்லா மொழிக்கும் வைத்தார். ஐஸ்லாந்து மொழி அதைவிட மிக மெதுவாகத்தான் மாறியிருக்கிறது என்று 1962-இல் காட்டிவிட்டார்கள். இப்போதைய முறைகளில் கிளைக்குக் கிளை வேகம் மாறலாம், ஆனால் தேதி தெரிந்த ஆணி ஒன்று எங்காவது அடித்தாக வேண்டும். கன்னடத்தின் ஹல்மிடி கல்வெட்டு சுமார் கி.பி. 450-ஐச் சேர்ந்தது என்றால் அதற்கு முன்பே கன்னடம் தனியாகிவிட்டது, இந்த மாதிரி. இவ்வளவு செய்த 2018 ஆய்விலும் நான்கு பெருங்கிளைகள் தெளிவாக வந்தன, அந்த நான்கில் எது எதற்கு நெருக்கம் என்பது தெளிவாக வரவில்லை. அதை அவர்களே எழுதியிருக்கிறார்கள்.

மரம் கிடைத்த பிறகு பண்பாட்டுக்கு வரலாம். முறைப்பெண் கல்யாணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழரிடம் உண்டு, தெலுங்கரிடம் உண்டு, நடு இந்தியாவின் கோண்டு மக்களிடம் உண்டு. இவை மூன்று தனித்தனிச் சான்றா, ஒரே மூதாதையிடமிருந்து வந்த ஒன்றா? கலாச்சாரங்களை ஒப்பிட்டு மானிடவியலாளர் எட்வர்டு டைலர் கூட்டத்தில் வாசித்த ஒரு கட்டுரைக்கு பிரான்சிஸ் கால்டன் எழுப்பிய ஆட்சேபம் இதேதான். 1889-இல் அது அச்சில் வந்தது, இன்றும் கால்டன் சிக்கல் என்றே பெயர். செய்ய வேண்டியது இது: வழக்கத்தை அட்டவணைக்குள் சேர்க்காதீர்கள். மரத்தைச் சொற்களை வைத்தே வரைந்து முடித்துவிட்டு, ஒவ்வொரு கிளையின் நுனியிலும் 'உண்டு', 'இல்லை' என்று பென்சிலால் எழுதுங்கள். பக்கத்துக் கிளைகளில் எல்லாம் 'உண்டு' என்றால் வழிவழியாக வந்திருக்க வாய்ப்பு அதிகம்.

அப்புறம், அதே தாளின் ஓரத்தில் சிங்களத்தையும் மராத்தியையும் எழுதுங்கள். இரண்டும் திராவிடம் அல்ல, வேறு குடும்பம். ஆனால் சிங்களவரிடமும் மராத்தி பேசும் பல சாதிகளிடமும் முறைப்பெண் கல்யாணம் உண்டு. சொல் ஒரு பாதையில் போகிறது, கல்யாண முறை வேலி தாண்டிப் போகிறது. அந்த இரண்டு பெயருக்கும் 'உண்டு' என்று எழுதி, மரத்தில் எந்தக் கிளைக்குப் பக்கத்தில் அவர்கள் குடியிருந்தார்கள் என்று ஒரு புள்ளிக்கோடு போடுங்கள். என் மாணவர்கள் நோட்டில் நான் முதலில் திருத்துவது அந்தப் புள்ளிக்கோட்டைத்தான்.