பரணைக் காலி செய்தது எப்படி?

சீர்வரிசையில் வந்த பாத்திரங்களும், விசேஷந்தோறும் பெயர் வெட்டிக் கொடுத்த எவர்சில்வர் டப்பாக்களும் பரணை அடைத்துக்கொண்டதால், அன்றாடம் புழங்குபவை சமையல் மேடையிலேயே குவிந்து, காலையில் பிள்ளைகளின் டிபன் பாக்ஸுக்கு மூடி தேடுவதே பெரும்பாடாக இருந்தது. போகிக்கு முன்பாக அனைத்தையும் கூடத்தில் இறக்கி, ஓராண்டாகக் கை படாதவற்றைத் தனியே பிரித்தேன். எவர்சில்வரைப் பாத்திரக்கடையில் எடைக்குப் போட்டபோது, பதிலுக்குப் புதுப் பாத்திரம் எடுத்துக்கொள்ளும்படி கடைக்காரர் வற்புறுத்தினார். பரண் மறுபடியும் நிறைந்துவிடும் என்பதால், விலை சற்றுக் குறைந்தாலும் ரொக்கமாகவே வாங்கினேன். பித்தளையை விற்க மாமியாருக்கு மனம் வரவில்லை, அது நியாயமும்கூட. ஈயம் பூசாத பித்தளையில் புளி சேர்த்துச் சமைத்தால் களிம்பேறும் என்பதால், பொங்கல் பானை ஒன்றுக்கு மட்டும் ஈயம் பூசி வைத்துக்கொண்டு, மற்றவற்றை நாத்தனார்களுக்குப் பிரித்துக் கொடுத்தோம். மூடியில்லாத டப்பா எதையும் இப்போது வீட்டில் வைத்துக்கொள்வதில்லை.