உலோகக் கலவையில் வெப்பத்தைச் சேமிப்பது எப்படி? 62 டிகிரியில் உருகும் உலோகத்தோடு ஒரு தொடக்கச் சோதனை

ஒரு பொருள் உருகும்போது வெப்பத்தை வாங்கிக்கொண்டே இருக்கும், ஆனால் அதன் வெப்பநிலை ஏறாது. உறையும்போது அந்த வெப்பத்தை அப்படியே திருப்பித் தரும். இதுதான் உள்ளுறை வெப்பம். இதை வைத்து வெப்பத்தைச் சேமிக்கும் பொருட்களுக்கு நிலைமாற்றப் பொருட்கள் என்று பெயர். பெரும்பாலோர் பாரஃபின் மெழுகில் தொடங்குவார்கள். உலோகத்தின் பக்கம் ஏன் போக வேண்டும்?

எடைக் கணக்கில் பார்த்தால் போக வேண்டியதில்லை. மெழுகு கிலோவுக்குச் சுமார் 200 கிலோஜூல் சேமிக்கும். நாம் எடுக்கப்போகும் ஃபீல்ட் உலோகம் என்ற கலவை 25 முதல் 28 கிலோஜூல்தான். ஆனால் இந்தக் கலவையின் ஒரு லிட்டர் எட்டு கிலோ இருக்கும். அதனால் லிட்டர் கணக்கில் உலோகம் 200 கிலோஜூலைத் தாண்டிவிடும், மெழுகு 170 அருகே நின்றுவிடும். வெப்பக்கடத்துத்திறனில் வித்தியாசம் இன்னும் பெரிது: மெழுகுக்கு 0.2, உலோகத்துக்கு 15 முதல் 20 வாட் (ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு). மெழுகுக் கட்டியில் ஓரம் உருகிய பிறகும் நடுப்பகுதி நெடுநேரம் கட்டியாகவே கிடக்கும். உலோகத்தில் அந்தத் தொல்லை கிடையாது. இடம் குறைவாகவும் வெப்பம் சட்டென்று வந்துபோவதாகவும் இருக்கும் இடத்தில்தான் உலோகம் பொருந்தும்.

கலவை தயாரித்தல்

ஃபீல்ட் உலோகம் 62 டிகிரி செல்சியஸில் உருகும். 100 கிராமுக்கு வேண்டியவை: இண்டியம் 51 கிராம், பிஸ்மத் 32.5 கிராம், வெள்ளீயம் 16.5 கிராம். 0.1 கிராம் வரை காட்டும் தராசு போதும். 70 டிகிரியில் உருகும் வுட் உலோகம் கிடைத்தாலும் வேண்டாம். அதில் ஈயமும் காட்மியமும் இருக்கின்றன, இரண்டும் நச்சு.

1. துருப்பிடிக்காத எஃகுக் கிண்ணத்தில் வெள்ளீயத்தை உருக்குங்கள் (232 டிகிரி). மின் அடுப்பு நல்லது. காற்றோட்டம், கண்களைக் காக்கும் கண்ணாடி, கையுறை மூன்றும் கட்டாயம். அந்தக் கிண்ணத்தில் பிறகு சமைக்கக் கூடாது.
2. வெப்பத்தை 260 டிகிரி அருகே வைத்து, பிஸ்மத்தைச் சிறு துண்டுகளாகப் போட்டுக் கிளறுங்கள். அது வெள்ளீயத்தில் தானே கரையும், அதன் உருகுநிலையான 271 டிகிரிக்குப் போகத் தேவையில்லை.
3. 180 டிகிரிக்கு இறக்கி இண்டியத்தைச் சேருங்கள். துண்டுகளில் ஈரம் இருந்தால் நீராவி உலோகத்தைத் தெறிக்க வைக்கும், எனவே முன்பே உலர்த்திவிடுங்கள்.
4. மேலே படியும் சாம்பல் நிற ஏட்டை வழித்துவிட்டு, திருகுமூடி உள்ள 20 மில்லிலிட்டர் எஃகுக் குழாயில் ஊற்றுங்கள். 100 கிராம் கலவை 13 மில்லிலிட்டர்கூட வராது. மேலே உள்ள காலியிடம் அப்படியே இருக்கட்டும்.

எஃகு உறை போட்ட தெர்மோகப்பிளை (வெப்பநிலையை அளக்கும் கம்பி) மூடி வழியாகக் கலவையின் நடுவில் நிறுத்தி, துளையை நீர் புகாதபடி அடையுங்கள். உறையில்லாத கம்பியை உருகிய உலோகம் மெல்ல அரிக்கும், அளவும் தடுமாறும்.

குளிர்வு வரைபடம்

குழாயை 80 டிகிரி நீரில் வைத்து முழுவதும் உருக்குங்கள். வெளியே எடுத்துத் துடைத்து, பஞ்சு சுற்றி, 10 விநாடிக்கு ஒரு முறை வெப்பநிலையைக் குறியுங்கள். 62 டிகிரி அருகே கோடு படுக்க வேண்டும். படுக்காமல் சரிந்தால் விகிதம் தவறிவிட்டது, அல்லது பிஸ்மத் முழுதாகக் கரையவில்லை. கோடு முதலில் ஓரிரு டிகிரி கீழே போய்விட்டு மேலே ஏறினால் பயப்பட வேண்டாம், அது மீக்குளிர்வு: உறைநிலைக்குக் கீழே போயும் சிறிது நேரம் உறையாமல் திரவமாகவே இருப்பது. படுத்த பகுதியே தெரியவில்லையென்றால் குளிர்வு மிக வேகமாக நடந்திருக்கிறது, பஞ்சைக் கூட்டுங்கள். வரைபடம் சரியாக வரும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

உள்ளுறை வெப்பத்தை அளத்தல்

தெர்மாகோல் கோப்பையில் 80 கிராம் நீர் எடுத்துக்கொள்ளுங்கள், 25 டிகிரியில். இரண்டு ஓட்டங்கள் தேவை.

முதல் ஓட்டத்தில் குழாயை 55 டிகிரிக்கு மட்டும் சூடாக்கி (கலவை கட்டியாகவே இருக்கும்) நீரில் இறக்கிக் கலக்குங்கள். நீரும் உலோகமும் ஒரே அளவு காட்டும்போது குறியுங்கள். 28.0 டிகிரி வந்தது என்று வைத்துக்கொள்வோம். நீர் வாங்கியது 80 × 4.18 × 3.0 = 1003 ஜூல். குழாய் இறங்கியது 27 டிகிரி. ஆகவே குழாயும் கலவையும் சேர்ந்து டிகிரிக்கு 37.2 ஜூல்.

இரண்டாம் ஓட்டத்தில் புதிய நீர், உருகிய கலவை 70 டிகிரியில். முடிவு 36.5 டிகிரி என்றால் நீர் வாங்கியது 80 × 4.18 × 11.5 = 3846 ஜூல். இதில் வெறுமனே குளிர்ந்ததால் வந்தது 37.2 × 33.5 = 1246 ஜூல். மீதி 2600 ஜூல் உறைந்ததால் வந்தது: கிராமுக்கு 26 ஜூல். குழாயின் எடையைத் தனியாகக் கணக்கிட வேண்டாம் என்பதே இந்த இரட்டை ஓட்டத்தின் அழகு.

விடை கூடுதலாக வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது குழாயில் ஒட்டிய சுடுநீரை. ஒரே ஒரு கிராம் ஒட்டியிருந்தாலும் 140 ஜூல் கூடிவிடும், அதாவது ஐந்து சதவீதப் பிழை. நன்றாகத் துடைத்து, ஐந்து விநாடிக்குள் மாற்றுங்கள். விடை குறைந்தால் கலவை வழியிலேயே உறையத் தொடங்கியிருக்கும். 62-ல் எடுக்காமல் 70-ல் எடுப்பது அதற்காகத்தான்.

அடுத்து என்ன?

பெரிய அளவு வெப்பச் சேமிப்புக்குப் பேசப்படுவது அலுமினியத்தோடு சுமார் 12 சதவீதம் சிலிக்கான் சேர்ந்த கலவை. 577 டிகிரியில் உருகும், கிலோவுக்குச் சுமார் 500 கிலோஜூல் சேமிக்கும். அங்கே சிக்கல் கலனில்தான். உருகிய அலுமினியம் இரும்பைக் கரைக்கும், எனவே வெறும் எஃகுக் கலன் அரிக்கப்பட்டு ஓட்டையாகும். அலுமினா, கிராஃபைட் போன்ற கலன்களோ போரான் நைட்ரைடு பூச்சோ வேண்டும். உருகும்போது கன அளவு கூடுவதால், முழுக்க நிரப்பி மூடிய கலன் பிளந்துவிடும். உருகிய அலுமினியத்துக்கு அடியில் நீர் சிக்கினால் வெடிக்கும். உலைப் பயிற்சி இல்லாதவர்கள் இதை வீட்டில் முயலவே கூடாது. 30 டிகிரியில் உருகும் காலியம் பாதுகாப்பானதுதான், ஆனால் அதை அலுமினியத்தில் ஊற்றாதீர்கள். அலுமினியத்தின் உள்ளே ஊடுருவி அதை நொறுங்க வைத்துவிடும்.