பீட்டில்ஸ் கூட இருந்தவர்கள் சொன்னதை எப்படிப் படிப்பது

1960-களின் இங்கிலாந்து இசைக்குழுவான பீட்டில்ஸின் நான்கு பேரோடும் (ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார்) கூடவே இருந்தவர்கள் எழுதிய புத்தகங்கள் ஒரு அலமாரி நிறைய இருக்கின்றன. மேனேஜர், தயாரிப்பாளர், சவுண்ட் இன்ஜினியர், விலக்கப்பட்ட ட்ரம்மர், ஜானின் முதல் மனைவி, பத்திரிகைத் தொடர்பு பார்த்தவர், அவர்களுடைய சொந்த நிறுவனமான ஆப்பிளின் அலுவலகத்தில் எடுபிடி வேலை செய்த பையன் வரைக்கும் ஆளுக்கொன்று எழுதியிருக்கிறார்கள். முதல் புத்தகத்தை முடித்ததும் எல்லாம் தெரிந்துவிட்ட மாதிரி இருக்கும், இரண்டாவதில் பாதி இடிக்கும், மூன்றாவதில் யாரை நம்புவது என்றே புரியாமல் மூடி வைத்துவிடுவோம். நானும் அப்படித்தான் பல வருடம் திண்டாடினேன். அப்புறம் எனக்குப் பிடிபட்ட முறையை இங்கே சொல்கிறேன்.

முதலில் நினைவுக் குறிப்பைத் தொடாதீர்கள். மார்க் லூயிசன் 1988-ல் வெளியிட்ட ரெக்கார்டிங் நாட்குறிப்பை எடுங்கள். 1962 முதல் 1970 வரை எந்தத் தேதியில் எந்த ஸ்டூடியோவில் எந்தப் பாட்டைப் பதிவு செய்தார்கள், தயாரிப்பாளர் யார், இன்ஜினியர் யார் என்று அவர்களுடைய ரெக்கார்ட் கம்பெனியான இஎம்ஐயின் ஆவணங்களையும் டேப்புகளையும் வைத்து நாள்வாரியாக எழுதியது. கதை மாதிரி படிக்க வேண்டாம், பக்கத்தில் வைத்துக்கொண்டால் போதும். கூடவே ஒரு நோட்டு. யார் சொன்னது, எந்த நாளைப் பற்றி, எந்த வருடத்தில் சொன்னார், அன்று அவர் அங்கே இருந்தாரா. இந்த நாலையும் குறித்துக்கொண்டே வந்தால் பாதிக் குழப்பம் தானாகத் தீரும்.

கடைசிக் கேள்விதான் ரொம்ப முக்கியம். ஜெஃப் எமரிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 20 வயதில் அவர்களுக்கு இன்ஜினியர் ஆனவர், அவருடைய புத்தகம் 2006-ல் வந்தது, படிக்க அவ்வளவு சுவாரசியம். ஆனால் 'வெள்ளை ஆல்பம்' என்று சொல்லப்படும் ஆல்பத்தின் பதிவு நடந்துகொண்டிருக்கும்போது, 1968 ஜூலை 16-ம் தேதி, அங்கிருந்த சண்டையும் இறுக்கமும் தாங்காமல் வேலையை விட்டுவிட்டுப் போனவர் அவர். ரிங்கோ கோபித்துக்கொண்டு குழுவை விட்டுப் போனது ஆகஸ்ட் 22. ஆக, அதைப் பற்றி எமரிக் என்ன சொன்னாலும் அது கேள்விப்பட்டதுதான், கண்ணால் பார்த்தது இல்லை. அந்த நாட்களுக்கு அவருக்குப் பின் அந்த நாற்காலியில் உட்கார்ந்த கென் ஸ்காட்டிடம்தான் போக வேண்டும். எமரிக் எழுதிய பல விஷயங்களை ஸ்காட் வெளிப்படையாகவே மறுத்திருக்கிறார். அவர்களுடைய தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினும் அதே வருடம் செப்டம்பரில் விடுமுறையில் போய்விட்டார், செப்டம்பர் 9-ல் 'ஹெல்டர் ஸ்கெல்டர்' பாட்டின் இப்போது நாம் கேட்கும் வடிவம் பதிவானபோது தயாரிப்பாளர் இடத்தில் இருந்தது இளைஞர் கிறிஸ் தாமஸ். பெரிய பெயர் என்பதற்காக எல்லா நாளும் அங்கே இருந்தார் என்று நினைத்துவிடக் கூடாது.

எமரிக்கைத் தள்ளிவிடச் சொல்லவில்லை. அவர் கைகள் செய்த வேலையைச் சொல்லும்போது அப்படியே நம்பலாம். 1966 ஏப்ரல் 6-ம் தேதி 'டுமாரோ நெவர் நோஸ்' பதிவு. மலை உச்சியில் இருந்து தலாய் லாமா ஓதுவது மாதிரி தன் குரல் கேட்க வேண்டும் என்கிறார் ஜான். எமரிக் அந்தக் குரலை ஹாமண்ட் ஆர்கனோடு வரும் லெஸ்லி ஸ்பீக்கர் வழியாக விடுகிறார், உள்ளே சுழலும் ஸ்பீக்கர் அது. மறுநாள் சின்னச் சின்ன டேப் வளையங்கள் கட்டிடத்தில் இருந்த மெஷின்களில் ஓடுகின்றன, அவை தொய்ந்துவிடாமல் பென்சிலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு ஊழியர்கள் நிற்கிறார்கள். இந்த மாதிரி விவரம் நாற்பது வருடம் கழித்தும் மறக்காது, பாட்டைக் கேட்டாலே சரிபார்த்துக்கொள்ளவும் முடியும். அதே ஆள் மேற்கோள் குறிக்குள் அரைப் பக்கம் உரையாடல் எழுதினால் மட்டும் வேகத்தைக் குறையுங்கள், யாருக்கும் அவ்வளவு நினைவு இருக்காது. இன்னொன்று, அந்தப் புத்தகம் பால் பக்கம் கொஞ்சம் சாய்ந்தே இருக்கும். குழு பிரிந்த பிறகும் பாலின் 1973 ஆல்பத்துக்கு வேலை செய்து அதற்காக கிராமி வாங்கியவர் அவர், அதை மனதில் வைத்துப் படித்தால் சரியாக இருக்கும்.

எப்போது சொன்னார் என்பதற்கு ஜானை விட நல்ல உதாரணம் இல்லை. 1970 டிசம்பரில் ரோலிங் ஸ்டோன் பத்திரிகைக்குக் கொடுத்த பேட்டியில் அவ்வளவு காயம், அவ்வளவு கோபம், கூட இருந்த எல்லாரையும் வெட்டித் தள்ளுகிறார். 1980-ல் பிளேபாய் பேட்டியில் ஒவ்வொரு பாட்டாக நிதானமாகச் சொல்லிக்கொண்டு வருகிறார். ஒரே ஆள், ஒரே பாட்டுகள், நடுவில் பத்து வருடம். இரண்டில் எது உண்மை என்று தேட வேண்டாம், 1970 பேட்டி 1970-ல் ஜான் இருந்த நிலைமைக்குச் சாட்சி, அவ்வளவுதான். யார் எழுதிய பாட்டு என்பதில் ஜானும் பாலும் பெரும்பாலும் ஒத்துப்போகிறார்கள். 'இன் மை லைஃப்' மாதிரி ஒன்றிரண்டில்தான் பிரச்சினை, மெட்டு முழுக்க என்னுடையது என்கிறார் பால், நடுப்பகுதியில் கொஞ்சம் உதவினார் என்கிறார் ஜான். அறையில் இருந்தது அவர்கள் இருவர் மட்டும் என்றால் நாம் தீர்ப்புச் சொல்ல முடியாது, இரண்டையும் எழுதி வைத்துவிட்டு மேலே போங்கள்.

டேப் இருந்தால் டேப்தான் முதலில். கேமரா முன்னால் புதுப் பாட்டுகளை உருவாக்கிய 1969 ஜனவரி ஒரே நரகம் என்றுதான் கிட்டத்தட்ட எல்லாரும் வருடக்கணக்காகச் சொல்லி வந்தார்கள், அவர்கள் நால்வரும் உட்பட. அப்போது எடுத்த சுமார் 60 மணி நேரப் படச்சுருளில் இருந்து இயக்குநர் பீட்டர் ஜாக்சன் 2021-ல் தொகுத்ததைப் பார்த்தால் சண்டையும் இருக்கிறது, ஜார்ஜ் ஜனவரி 10-ல் எழுந்து போவதும் இருக்கிறது, ஆனால் வயிறு வலிக்கச் சிரிப்பதும் இருக்கிறது. ஜான் இன்னும் வந்து சேரவில்லை, பால் பேஸ் கிதாரை வைத்துக்கொண்டு தட்டிக்கொண்டே இருக்கிறார், எதிரே ஜார்ஜ் கொட்டாவி விடுகிறார், ரிங்கோ சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறார், ஒன்றிரண்டு நிமிஷத்தில் 'கெட் பேக்' நம் கண் முன்னால் உருவாகிறது. எனக்கு அந்த இடத்தில் கண் கலங்கிவிட்டது. கசப்போடு முடிந்த உறவில் நடுவில் இருந்த நல்ல நாளும் கசப்பாகவே நினைவில் தங்கிவிடுகிறது, இதை ஒவ்வொரு புத்தகத்திலும் எதிர்பாருங்கள். 'ஏபி ரோட்' கடைசி ஆல்பம் என்று தெரிந்தேதான் செய்தார்கள் என்ற கதையும் இப்படித்தான். அது முடிந்த பிறகு, 1969 செப்டம்பரில், ஆஸ்பத்திரியில் இருந்த ரிங்கோவுக்காக மற்ற மூவரும் பதிவு செய்த பேச்சில் அடுத்த ஆல்பத்தைப் பற்றித் திட்டம் போடுகிறார்கள்.

பேசாதவர்களையும் கணக்கில் வையுங்கள். லிவர்பூல் பள்ளிக்கூடக் காலத்தில் இருந்து கூட இருந்து ஆப்பிளை நடத்திய நீல் ஆஸ்பினல் புத்தகமே எழுதாமல் 2008-ல் போய்விட்டார். ரசிகர் மன்றச் செயலாளர் ஃப்ரீடா கெல்லி ஏறக்குறைய ஐம்பது வருடம் வாய் திறக்கவில்லை, 2013-ல் ஒரு ஆவணப்படத்தில் பேசினார், அப்போதும் சிலவற்றைச் சொல்ல மறுத்தார். அவர் சொன்ன கொஞ்சத்துக்கு என் நோட்டில் அதிக மதிப்பு.

கடைசியாக மால் எவன்ஸ். லிவர்பூலில் டெலிபோன் இன்ஜினியராக இருந்து, அவர்கள் வாசித்த கேவர்ன் கிளப் வாசலில் காவலுக்கு நின்று, பிறகு அவர்களுக்கு வண்டி ஓட்டி, கருவிகள் தூக்கி, எல்லாமுமாக இருந்தவர். நாட்குறிப்பு எழுதினார், நினைவுகளைப் புத்தகமாக்கிக்கொண்டிருந்தார், 1976 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்துபோனார். அந்தக் கையெழுத்துப் பிரதியை அடிப்படையாக வைத்து கென்னத் வோமாக் எழுதிய வாழ்க்கை வரலாறு 2023-ல்தான் வந்தது. அதைத் திறப்பதற்கு முன்னால் நல்ல ஹெட்போன் போட்டு 'எ டே இன் தி லைஃப்' கேளுங்கள். நடுவில் என்ன வைப்பது என்று முடிவாகாத 24 பார் (தாள அளவு) இடைவெளியை எண்ணுவதற்கு மால் எவன்ஸை நிறுத்தினார்கள். பிறகு அங்கே ஆர்கெஸ்ட்ரா ஏறிவிட்டாலும், ஒன்று, இரண்டு என்று எதிரொலியோடு எண்ணும் அவர் குரல் அடியில் இன்னும் கேட்கிறது, எண்ணி முடிந்ததும் அவர் வைத்த அலாரமும் அடிக்கிறது.