மலையும் கடலும் ஒரே லீவில்: மாதம் பார்த்து இடம் பிடிப்பது எப்படி

ஊட்டியா, கன்னியாகுமரியா என்று பேச்சைத் தொடங்குவதில்தான் பாதிப் பயணங்கள் கெட்டுப்போகின்றன. லீவு எந்த மாதம் என்பதை முதலில் பாருங்கள். தமிழ்நாட்டு மலைக்கு இரண்டு மழை, கடலுக்கு இரண்டு குணம். மாதம் தெரிந்தால் இடம் தானாக அமையும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை மேற்குப் பார்த்த சரிவுகளில் கொட்டும். வால்பாறை, கூடலூர் பக்கம் அப்போது போனால் பச்சையும் அட்டைப்பூச்சியும் நிச்சயம், காட்சிமுனையில் எதுவும் தெரியாது. வால்பாறையை ஒட்டிய சின்னக்கல்லாறில் பெய்வது மாநிலத்திலேயே மிகக் கனத்த மழைகளில் ஒன்று. குற்றாலத்துக்குச் சாரல் சீசனும் அதே நாட்கள்தான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நிலைமை தலைகீழ். வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரி போன்ற கிழக்குச் சரிவுகளைப் பிடித்துக்கொள்ளும். மேட்டுப்பாளையம்–குன்னூர் பாதையில் மண்சரிவு, மலை ரயில் ரத்து என்று செய்தி வருவது பெரும்பாலும் இந்த மாதங்களில்தான். மலை ரயிலை நம்பி தீபாவளி லீவுக்குத் திட்டம் போட்டால், பஸ்ஸில் போகவும் மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

மலை, கடல் இரண்டுக்கும் பொருந்துவது ஜனவரி நடுவிலிருந்து மார்ச் வரை. பொங்கல் லீவுக் கூட்டம் கலைந்த அடுத்த வாரமே போனால் அறையும் எளிதாகக் கிடைக்கும். ஜனவரியில் ஊட்டியில் விடியற்காலை உறைபனி விழும். கம்பளிக் குல்லாய் கட்டாயம்.

உயரக் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். 1000 மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 6 டிகிரி குறையும். ஊட்டி சுமார் 2240 மீட்டர், கொடைக்கானல் 2100 சொச்சம், ஏற்காடு 1500, வால்பாறை 1100 அளவில். சேலத்தில் 38 டிகிரி காயும் மே மதியத்தில் ஏற்காடு 30 டிகிரி பக்கம்தான் இருக்கும். குளிர் தேடி ஏற்காட்டுக்குப் போய் ஏமாந்தவர்கள் நிறைய. மே மாதத்தில் குளிர் வேண்டுமென்றால் ஊட்டியோ கொடைக்கானலோதான், ஆனால் கூட்டமும் அங்கேதான்.

நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் சொந்த வண்டியிலோ வாடகை வண்டியிலோ போக 2024 மே முதல் இ-பாஸ், அதாவது இணையத்தில் எடுக்கும் அனுமதிச்சீட்டு, வேண்டும். 2025இல் சீசன் நாட்களுக்கு வண்டி எண்ணிக்கைக்கு உச்சவரம்பும் வைத்தார்கள். வார இறுதிக்கு ஒதுக்கீடு தீர்ந்துபோகலாம். அறையை முன்பதிவு செய்த கையோடு பாஸையும் எடுங்கள். வண்டி எண்ணில் ஓர் எழுத்து மாறினாலும் சோதனைச்சாவடியில் நிறுத்திவிடுவார்கள். அரசுப் பேருந்தில் போனால் இந்தத் தொல்லை இல்லை. ஒருமுறை பயன்படுத்தும் தண்ணீர் பாட்டில், பிளாஸ்டிக் பைகளைச் சாவடியிலேயே வாங்கிவிடுவார்கள். எவர்சில்வர் பாட்டிலும் மஞ்சப்பையும் போதும்.

மலை ரயிலில் போக ஆசையென்றால் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும், அன்றே பாருங்கள். மேட்டுப்பாளையத்தில் காலை 7.10க்குக் கிளம்பி, ஊட்டி வரை 46 கிலோமீட்டரை ஏறக்குறைய ஐந்து மணி நேரத்தில் ஏறும். குன்னூர் வரை நீராவி இன்ஜின் பின்னாலிருந்து தள்ளுவதால் முன் பெட்டிக்குத்தான் காட்சி முழுதாகக் கிடைக்கும். டிக்கெட் கிடைக்கவில்லையா? பஸ்ஸில் குன்னூர் போய், குன்னூர்–ஊட்டி ரயிலைப் பிடியுங்கள். அந்தத் துண்டில் ரயில்கள் அதிகம். குன்னூருக்குக் கீழே, தண்டவாள நடுவில் பற்கள் பதித்த பல்சக்கரப் பாதையை மட்டும் பார்க்க முடியாது.

மலைப்பாதையில் வண்டி ஓட்டுவதில் ஏறுவதைவிட இறங்குவதுதான் கடினம். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். நியூட்ரலில் உருட்டினாலோ பிரேக்கில் காலை அழுத்தியபடியே வந்தாலோ பிரேக் சூடேறி பிடிக்காமல் போகும். கருகிய வாடை வந்தால் அதுதான் எச்சரிக்கை. ஓரமாக நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிடுங்கள்; சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள். கொண்டை ஊசி வளைவில் ஏறி வரும் வண்டிக்கே முதல் வழி. புதிதாக ஓட்டுபவர்கள் 70 வளைவுள்ள கொல்லிமலையில் தொடங்க வேண்டாம். ஏற்காட்டின் 20 வளைவுகளில் பழகுவது நல்லது. கோடை சீசனில் ஊட்டிக்குக் குன்னூர் வழியாக ஏறி கோத்தகிரி வழியாக இறங்கும்படி ஒருவழிப் பாதையாக மாற்றுவதுண்டு. அறை எந்தப் பக்கம் எடுப்பது என்பதை இதையும் பார்த்து முடிவு செய்யுங்கள்.

வாந்தி வரும் என்பவர்களை முன் இருக்கையில் உட்கார வையுங்கள். வயிறு முட்டவும் கூடாது, காலியாகவும் இருக்கக் கூடாது. இரண்டு இட்லி போதும். மாத்திரை போடுவதானால் மலை ஏறத் தொடங்கும் முன்பே, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு முன். செல்போனைப் பார்த்தபடி வந்தால் மாத்திரையும் உதவாது.

காட்சிமுனைகளுக்குக் காலை 7 மணிக்கே போய்விடுங்கள். பள்ளத்தாக்கு சூடேறினால் ஈரக்காற்று மேலேறி மேகமாகும்; பத்து மணிக்குப் பிறகு கொடைக்கானலின் கோக்கர்ஸ் வாக், தூண்பாறை இரண்டும் வெள்ளைத் திரைக்குள் போனாலும் ஆச்சரியமில்லை. ஏரி, பூங்கா எல்லாம் மதியத்துக்கு. பெரும்பாலோர் ஏரியில் தொடங்கி தூண்பாறைக்கு மதியம் போய், ஒன்றும் தெரியவில்லை என்று திரும்புகிறார்கள்.

கொடைக்கானலோடு சேர்க்க ராமேஸ்வரம் நல்ல ஜோடி. மலையை முதலில் முடியுங்கள்; பாஸும் அறையும் தேதிக்குக் கட்டுப்பட்டவை என்பதால் அதை நடுவில் வைத்தால் எல்லாம் குழம்பும். கொடைக்கானல்–மதுரை சுமார் 120 கிலோமீட்டர், மதுரை–ராமேஸ்வரம் 170 சொச்சம். காலை ஆறுக்கே இறங்கினால் பிற்பகலில் போய்ச் சேரலாம், ஆனால் ஓட்டுபவர் களைத்துவிடுவார். ஓர் இரவு மதுரையில் தங்குவது மேல்.

தனுஷ்கோடிக்குப் போகும்போது சாலையின் இரு பக்கமும் கடல் வேறுவேறாக இருப்பதைக் கவனியுங்கள். பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண் கடல் என்றும் மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண் கடல் என்றும் அங்குள்ளவர்கள் சொல்வார்கள். தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் ஆண் கடல் பொங்கும், வடகிழக்குக் காற்றில் மறுபக்கமும் கலங்கும். சாலை முடியும் அரிச்சல்முனையில் நீரோட்டம் வலுவானது, இறங்கவே வேண்டாம். கால் நனைக்க ராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கரை இருக்கிறது. மாலையில் தனுஷ்கோடியிலிருந்து எல்லாரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சூரியன் மறையும்வரை இருக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். குடிநீர், தொப்பி கையோடு இருக்கட்டும், நிழல் அரிது.

கன்னியாகுமரியில் சூரியன் கடலுக்குள் மறைவதைப் பார்க்க அக்டோபர் நடுவிலிருந்து மார்ச் நடுவரை போகவேண்டும். மற்ற மாதங்களில் அது நிலத்தின் பக்கம் இறங்கிவிடும். நீர்மட்டம் குறைந்தால் வள்ளுவர் சிலைக்குப் படகு போகாத சிக்கல், விவேகானந்தர் பாறையிலிருந்து சிலைக்கு 2024 டிசம்பர் கடைசியில் திறந்த கண்ணாடிப் பாலத்தால் தீர்ந்தது. ஆனால் அலை பெரிதாக இருந்தால் விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகே நின்றுவிடும். அதனால் முதல் நாள் காலையிலேயே போய்விடுங்கள். தடைபட்டால் மறுநாள் கையில் இருக்கும்.

கடலில் ஆபத்து பெரிய அலையில் மட்டும் இல்லை. இரண்டு பக்கமும் அலை உடைய, நடுவில் உடையாமல் அமைதியாக, கலங்கலாகத் தெரியும் இடைவெளிதான் உள்ளிழுக்கும் நீரோட்டம். அது இழுத்தால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாதீர்கள்; மூச்சு வாங்கியே மூழ்கிவிடுவோம். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு குறைந்ததும் திரும்புங்கள். நீச்சல் தெரியாதவர் மல்லாந்து மிதந்து கையை உயர்த்திக் காட்ட வேண்டும். காப்பாற்றக் குதிப்பவரும் சேர்ந்து மூழ்குவதே அதிகம். காலி கேன், பந்து, கயிறு எதையாவது வீசுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் கள்ளக்கடல் என்ற எச்சரிக்கை வரும். உள்ளூரில் காற்றே இல்லாதபோதும் தூரத்துத் தென்கடலில் எழுந்த அலை கரையில் திடீரென ஏறும். அன்று பாறைமேல் நின்று படம் எடுப்பதைக்கூட விட்டுவிடுங்கள்.

மீன் சாப்பிடவே போகிறவர்களுக்கு ஒன்று: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு 61 நாள் தடை. உள்ளூரில் பிடித்ததென்றால் நாட்டுப்படகு மீன் மட்டும்தான், விலையும் ஏறும். தட்டில் வைப்பது எங்கிருந்து வந்தது என்று ஆர்டர் கொடுக்கும் முன் கேளுங்கள்.