புது போனிலும் பழைய ஆப் வெர்ஷனே வேண்டுமென்றால்

ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறையிலோ காரைக்குடி கண்டாங்கிச் சேலைக் கடையிலோ பில் போடும் ஆப் ஒன்று பல வருஷமாகச் சிக்கலில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். 58 மி.மீ. புளூடூத் பிரிண்டரில் தமிழ் எழுத்தும் ஒழுங்காக விழும். புது போனுக்கு மாறியதும் அதே ஆப் மாதச் சந்தா கேட்கும், இல்லையென்றால் தமிழ் வரவேண்டிய இடத்தில் கட்டம் கட்டமாக அச்சடிக்கும். கூகுள் பேக்கப் உங்கள் போனில் இருந்த வெர்ஷனைக் கொண்டுவருவதில்லை. ஆப் பட்டியலையும் கொஞ்சம் டேட்டாவையும் வைத்துக்கொண்டு பிளே ஸ்டோரில் இன்றைக்கு இருப்பதை இறக்குகிறது. பழையது வேண்டுமென்றால், எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதற்கு முன்பே பழைய போனிலிருந்து நாமே எடுத்துவிட வேண்டும்.

எல்லா ஆப்புக்கும் இந்த வேலை வேண்டாம். ஜிபே, போன்பே, வங்கி ஆப், வாட்ஸப் எல்லாம் புதிதாகவே இருக்கட்டும். பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பது அப்டேட்தான். பில், ஸ்டாக், அகராதி என்று நெட் இல்லாமலே ஓடுபவைதான் இதற்குத் தோது.

முதலில் டேட்டா. ஆப்பை இன்ஸ்டால் செய்ய உதவும் ஏபிகே கோப்பு சாமான் இல்லாத வீடு மாதிரி. பில் கணக்கும் வாடிக்கையாளர் பெயரும் அதில் வராது. ஆப்பின் செட்டிங்ஸில் பேக்கப் அல்லது எக்ஸ்போர்ட் இருந்தால் எடுத்து, பென் டிரைவில் போடுங்கள். அந்த வசதியே இல்லையென்றால் ரூட் செய்யாத (உள் பூட்டைத் திறக்காத) போனிலிருந்து டேட்டாவை எடுப்பது பெரும்பாலும் நடக்காது. அப்போது பழைய போனைக் கடைக்கென்றே வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

அடுத்து ஆப். எஸ்ஏஐ (SAI, Split APKs Installer) என்ற ஓப்பன் சோர்ஸ் ஆப்பைப் பழைய போனில் போட்டு, அதன் பேக்கப் பகுதியில் வேண்டியதைத் தேர்ந்தெடுத்தால் ஒரே கோப்பாகக் கட்டித் தரும். வெறும் ஏபிகேயை மட்டும் எடுத்தால் பலருக்கும் இங்கேதான் சறுக்கும். 2021 ஆகஸ்ட் முதல் பிளே ஸ்டோருக்குப் புதிதாக வரும் ஆப்கள் ஆப் பண்டில் வடிவில்தான் வருகின்றன. போனுக்குள் அவை துண்டு துண்டாக இருக்கும்: அடிப்படைக் கோப்பு, பிராசஸருக்கு ஒன்று, திரைக்கு ஒன்று, மொழிக்கு ஒன்று. அடிப்படைக் கோப்பு மட்டும் போனால் இன்ஸ்டால் ஆகாது; அப்படியே ஆகிவிட்டாலும் திறந்த வேகத்தில் மூடிக்கொள்ளும்.

கோப்பை ஆண்ட்ராய்டு போனிலேயே உள்ள குவிக் ஷேரில் அனுப்பலாம்; நெட் வேண்டியதில்லை, முகப்பில் வந்து நின்றால்தான் சிக்னல் கிடைக்கும் வீடுகளிலும் வேலை நடக்கும். (ஷேர்இட், ஸெண்டர் இரண்டும் 2020 ஜூனில் தடையான பட்டியலில் உள்ளவை, தேட வேண்டாம்.) கண்ட தளத்திலிருந்தும் ஏபிகே இறக்காதீர்கள். யாராவது மாற்றிய கோப்பு என்றால் ஆப் செய்தவரின் டிஜிட்டல் கையொப்பம் பொருந்தாது, பிறகு அசல் அப்டேட்டும் அதன்மேல் ஏறாது.

புது போனில் வரிசை முக்கியம். ரீஸ்டோர் பட்டியலில் அந்த ஆப்பின் டிக்கை எடுத்துவிடுங்கள். தவறிப் புதியது ஏறியிருந்தால் முதலில் அன்இன்ஸ்டால். புதியதன்மேல் பழையது ஏறாது. பிளே ஸ்டோர் செட்டிங்ஸில் ஆட்டோ அப்டேட்டை மொத்தமாக நிறுத்திவிட்டு, புது போனிலும் எஸ்ஏஐயைப் போட்டு, அதற்கு ‘அன்னோன் ஆப்’ (பிளே ஸ்டோருக்கு வெளியே உள்ள ஆப்) அனுமதி கொடுத்து, அனுப்பிய கோப்பை இன்ஸ்டால் செய்யுங்கள். சாம்சங்கில் ஆட்டோ பிளாக்கர் தடுத்தால், வேலை முடியும்வரை அணைத்து வையுங்கள். பிறகு பிளே ஸ்டோரில் அந்த ஆப்பின் பக்கத்துக்குப் போய், மூன்று புள்ளியைத் தொட்டு, அதற்கு மட்டும் ஆட்டோ அப்டேட் டிக்கை எடுத்துவிட்டு, மற்றவற்றுக்குத் திரும்ப இயக்கிவிடலாம். வீட்டில் யாராவது ‘அப்டேட் ஆல்’ அழுத்தினால் இதுவும் சேர்ந்து போய்விடும், சொல்லி வையுங்கள்.

ஆண்ட்ராய்டு 6-க்கு முந்தைய காலத்துக்கென்று எழுதிய ஆப்களை ஆண்ட்ராய்டு 14 நேரடியாக ஏற்காது. 32 பிட்டில் மட்டும் இருக்கும் ஆப் பிக்சல் 7 போன்ற 64 பிட் மட்டும் உள்ள போன்களில் ஓடாது. ஐபோனில் இந்த வழியே கிடையாது.

ஆப் ஏறியும் பிரிண்டர் தெரியவில்லையா? முதலில் போனின் புளூடூத் செட்டிங்ஸில் இணையுங்கள். பின் எண் பெரும்பாலும் 0000 அல்லது 1234. பிறகு ஆப்புக்கு லொகேஷன் அனுமதி கொடுத்து, போனின் லொகேஷனையும் இயக்குங்கள். பழைய ஆப்கள் அது இல்லாமல் புளூடூத் கருவிகளைத் தேடாது. தமிழில் ஒரு பில் அடித்துப் பார்த்து, பென் டிரைவில் வைத்த டேட்டாவை ஆப்பில் ஏற்றி, பழைய கணக்கும் சரியாக வந்த பிறகே பழைய போனை ரீசெட் செய்யுங்கள்.